இருபத்தேழுக்கு யார் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு மண்டபத்துக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது மேடைக்குப் பின்னால் இரண்டு பேர் கட்டிக்கொண்டிருந்த பிளக்ஸ் பேனர். இடது மூலை இன்னும் கட்டப்படாமல் மடிந்து தொங்கியது. ‘நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்’ என்று மேலே இருந்தது. கீழே ஏழு வட்டங்களுக்குள் ஏழு முகங்கள். ஒருவருடைய படத்தைக் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். அவர் தோளின் மேல் யாருடையதோ நான்கு விரல்கள் மிச்சமிருந்தன.

பத்திரிகை அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் படங்களுக்கு அடியில் வரி எழுதியவன் நான். படத்தைப் பார்த்தால் முதலில் தலைகளை எண்ணிவிடுவேன். எங்கள் வகுப்பில் இறந்தவர்கள் எட்டுப் பேர்.

நாங்கள் பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள். முப்பத்தாறு பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள் என்பதால் ஆண்டுக் கூட்டம் நெய்வேலி டவுன்ஷிப்பில்தான் நடக்கும். ஒருவரையொருவர் வருகைப் பதிவேட்டு எண்ணால் கூப்பிட்டுக்கொள்வோம். இங்கேயும் எண்களையே எழுதுகிறேன்.

இறந்தவர்களுக்கு நாங்கள் செய்யும் அஞ்சலி வேறு இடங்களில் நான் பார்க்காதது. கல்லூரியில் முதல் மணி தமிழ். எண்ணைச் சொன்னதும் எழுந்து “உள்ளேன் ஐயா” என்று சொல்ல வேண்டும். பேருந்து தவறியவர்களுக்கும் சினிமாவுக்குப் போனவர்களுக்கும் நண்பர்கள் தலையைக் குனிந்துகொண்டு குரல் கொடுப்பார்கள். யார் யாருக்குக் கொடுப்பது என்பது மூன்று வருடமும் மாறவில்லை. சில வருடங்களுக்கு முன், நான்காம் எண் இறந்த பிறகு நடந்த கூட்டத்தில், யாரோ விளையாட்டாகப் பதிவேடு வாசிப்பதுபோல எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான்கு வந்ததும், அவனுக்கு வழக்கமாகக் குரல் கொடுக்கும் பதின்மூன்றாம் எண் தன்னை அறியாமல் எழுந்து “உள்ளேன் ஐயா” என்றான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பதின்மூன்று உட்கார முடியாமல் நின்றுகொண்டே அழுதான். அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. இறந்தவரின் எண் வாசிக்கப்படும். அன்று அவருக்குக் குரல் கொடுத்தவர்தான் இன்றும் கொடுக்க வேண்டும். வேறு யாரும் சொல்லக் கூடாது.

அந்த நான்காம் எண்ணுக்குப் பணி முடிய எழுபது நாள் இருந்தபோது மாரடைப்பு வந்தது. பணியில் இருக்கும்போது இறந்ததால் மகனுக்கு வேலை கிடைத்தது. துக்கத்துக்குப் போயிருந்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. “கரெக்டாப் போனான்” என்றார் ஒருவர். “இன்னும் மூணு மாசம் இழுத்திருந்தா பையன் காலி” என்றார் மற்றவர். இரண்டு பேரும் அவனோடு ஒரே ஷிப்டில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள். அவர்கள் குரலில் பொறாமை இருந்தது.

பத்தொன்பதாம் எண் பெண். மூன்று வருடமும் வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுடையது. தென் மாவட்டத்திலிருந்து வந்த இன்ஜினியருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் வேதியியலைத் தொட்டது குக்கரில் படியும் உப்பைத் தேய்க்கும்போது மட்டும்தான் என்று அவளே ஒரு கூட்டத்தில் சொன்னாள், எல்லோரும் கைதட்டினார்கள். பேனரில் அவள் படத்துக்குக் கீழே ‘திருமதி’ போட்டுக் கணவர் பெயரையும் கணவர் வகித்த பதவியையும் அச்சடித்திருந்தார்கள். அவள் பெயர் இல்லை. பேனருக்கு விவரம் கொடுத்தவர் கணவர்.

முப்பத்திரண்டாம் எண் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டினான். இரண்டு வருடம் ஒவ்வொரு கல்லையும் கூடவே நின்று வைக்கச் சொன்னவன். குடிபோன பதினோராம் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தான். அந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். எங்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான்.

எட்டாவது ஆள் இருபத்தேழு. அவன் பேனரில் இல்லை.

வியாழக்கிழமை ஒரு பெண் போன் செய்தாள். “பேப்பர்ல இருந்தீங்களே, அந்த சாருங்களா?” என்றாள். இருபத்தேழின் மகள் என்று சொன்னாள். அப்பாவின் பழைய டைரியில் ‘பேப்பர் ஆபீஸ்’ என்று ஒரு நம்பர் இருந்ததாம். அங்கே கேட்டு, இரண்டு கை மாறி என்னிடம் வந்திருக்கிறாள். வடக்குத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், டவுன்ஷிப்பில் மூன்று வீடுகளில் சமையல் வேலை. அதில் ஒரு வீடு எங்கள் வகுப்புக்காரருடையது. போன வருட அஞ்சலி வீடியோவை அந்த வீட்டு அம்மா போனில் பார்த்தபோது இவளும் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

“எங்கப்பாவும் அதத்தாங்க சொல்லிகினே இருப்பாரு. ‘நான் போகாத நாள்ல கூட எனக்கு ஆஜர் உண்டு, ஒருத்தன் சொல்லிடுவான்’னு. அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா? இந்த வருசம் வருவாருங்களா?”

“வருவார்” என்றேன்.

அந்த ஆள் நான்தான். மூன்று வருடம் வாரத்தில் இரண்டு நாளாவது அவனுக்குக் குரல் கொடுத்தேன். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவன். விடியற்காலையில் கரும்பு வண்டிக்கு லோடு ஏற்றிவிட்டு வருவான். முதல் மணிக்கு வந்து சேர மாட்டான். போனில் இதை ஏன் சொல்லவில்லை என்றால், யாரைப் பற்றியும் கேள்வி வந்தால் பதிலில் என்னை விட்டுவிடுவது எனக்குப் பழக்கம்.

எதற்குக் கேட்கிறாள் என்பதையும் அவளே சொன்னாள். சுரங்கத்துக்குள் வேலைக்குப் போவதற்கான கேட் பாஸ் பறிபோனதிலிருந்து ஊரில் அப்பாவைத் திருடன் என்றுதான் சொல்கிறார்களாம். செம்புக் கம்பி எடுத்துப் பிடிபட்டான் என்று கதை. “எங்கம்மாவே பாதி நம்பிடுச்சிங்க. இப்ப அது படுத்த படுக்கையா கெடக்குது. படிச்சவங்க, பர்மனென்ட்டுல இருந்தவங்க, அத்தன பேரு எதிர்ல ஒருத்தர் எழுந்து அவருக்காகச் சொன்னா, அத வீடியோ புடிச்சிகினு போயி அம்மாகிட்ட காட்டுவேன். அது போதுங்க.”

அவன் எதையும் திருடவில்லை. பாஸ் எப்படிப் போனது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் அவன். இன்னொருவன் பதினொன்று. மூன்றாவது நான்.

இருபத்தேழின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். ‘ழ’ வின் கீழ்ச் சுழியை மட்டும் இழுத்து அடுத்த எழுத்தின் அடியில் கொண்டுபோய் விடுவான். வகுப்பில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டை அவன்தான் எழுதினான். பதிலுக்கு யாராவது மதியச் சாப்பாட்டில் பாதி கொடுப்பார்கள். பதினொன்றின் ரெக்கார்டு மூன்று வருடமும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவன் எழுதியது.

படிப்பு முடிந்ததும் பதினொன்றுக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை கிடைத்தது. இருபத்தேழு எங்கெங்கோ அலைந்துவிட்டு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை மண்வெட்டியால் அள்ளித் திரும்பப் போடும் வேலை. பதினைந்து வருடம் அள்ளிய பிறகு அவனுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அவன் பெரியப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு உரிய வேலை வளர்ப்பு மகன் என்ற பெயரில் வேறொருவனுக்குப் போயிருந்தது. அந்த வேறொருவன் பதினொன்று என்றான் இருபத்தேழு.

அப்போது நான் நெய்வேலியில் நிருபர். இருபத்தேழு ஒருநாள் மதியம் என் அறைக்கு வந்து, பெயர் போடாமல் எழுதிய நான்கு பக்கப் புகார் மனுவைக் கொடுத்தான். நீயே விசாரித்துப் போடு, என் பெயர் மட்டும் வெளியில் வேண்டாம் என்றான். சரி என்றேன்.

புகார் என்றால் புகாருக்கு ஆளானவரிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதுதான் நான் பழகிய முறை. மறுநாள் பதினொன்றின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். விஷயத்தை வாயால் சொல்லியிருக்கலாம். குறிப்பெடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் பையிலிருந்து மனுவையே எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதைப் படிக்கவில்லை. முதல் பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“டேய், இது இருபத்தேழுடா. என் ரெக்கார்டு பூரா இந்தக் கையெழுத்துதான். பரண்ல இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?”

காபி வந்தது. குடித்தேன். புகாரில் உண்மை இல்லை என்றான். அதைக் குறித்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து இருபத்தேழின் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. அவனுடைய ஒப்பந்தக்காரர் காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆட்களுக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. அந்தச் செய்தியை நான் அனுப்பவும் இல்லை. பதினொன்று சொன்னது உண்மையா, இருபத்தேழு எழுதியது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது அன்று என் வேலையாக இருந்தது.

இருபத்தேழு அதற்குப் பிறகு என்னைத் தேடி வரவில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனான் என்று கேள்விப்பட்டேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து, இரண்டு மூன்று பேருந்துகள் போகும் வரை யாரும் எழுப்பவில்லை. சட்டைப் பையில் இருந்த பழைய கேட் பாஸை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடித்தார்கள். காலாவதியாகிப் பல வருடமான பாஸ். அதை லேமினேஷன் செய்து வைத்திருந்தான்.

பதினொன்று இப்போது எங்கள் கூட்டத்துக்குச் செயலாளர். பேனர், சாப்பாடு, பதிவேடு வாசிப்பது எல்லாம் அவன்தான். தமிழ்ப் பேராசிரியர் குரலில் அப்படியே வாசிப்பான். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் புதுப் புடவையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. தகப்பனின் நெற்றி. என்னிடம் வந்து வணக்கம் சொல்லிவிட்டு, “அவரு வந்துட்டாருங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். கூட்டம் இன்னும் சேரவில்லை என்றேன். அது பொய் இல்லை. அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன்.

பதினொன்று காதில் போனை வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் வடைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். முடிக்கும் வரை நின்றேன். பிறகு இருபத்தேழின் எண்ணையும் வாசிக்கச் சொன்னேன்.

அவன் செத்தது தனக்குத் தகவலே இல்லையே என்றான். குரூப்பிலும் அவன் இல்லையே என்றான். மகள் வந்திருக்கிறாள் என்று சொன்னதும் திரையை விலக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“வாசிக்கறேன்” என்றான். “எனக்கென்னடா, ஒரு நம்பர் கூட. நீதானே அவனுக்கு ஆளு. எழுந்து சொல்லு.”

“சொல்றேன்.”

“சொல்லு. சொல்லி முடிச்சதும் உன் கையில மைக்கக் குடுக்கறேன். அந்த லெட்டர எங்கிட்ட யாரு கொண்டாந்து காட்டினதுன்னு அதையும் நீயே சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். அவ அப்பன் பாஸ் எப்படிப் போச்சுன்னு அவளும் தெரிஞ்சிக்கட்டுமே, பாவம்.”

அவன் குரலை உயர்த்தவில்லை. என் சட்டைக் காலரில் மடங்கியிருந்ததைச் சரி செய்துவிட்டான்.

“உனக்கு அந்த வேலை எப்படி வந்ததுன்னும் சொல்ல வேண்டியிருக்கும்” என்றேன்.

“நான் ரிட்டயர் ஆயி எத்தன வருசம் ஆச்சு? எவன் கேக்கப் போறான்? கேட்டா உன்னத்தான் கேப்பாங்க. நீ பேப்பர்காரன். ஊரே உன்ன யோக்கியன்னு சொல்லுது.”

அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நான் முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் திருட்டுப் பட்டம் அன்றே போய்விடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவள் வீட்டில் படுத்திருப்பவளுக்கு அதற்கு மேல் நல்ல வீடியோ கிடையாது. இதையெல்லாம் யோசிக்க எனக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடமும் நான் யோசித்தது, அவன் மைக்கில் அதைச் சொன்னால் எத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதைத்தான்.

பத்து ஐம்பதுக்கு வாசிப்பு தொடங்கியது. நான்கு. பதின்மூன்று எழுந்து, “உள்ளேன் ஐயா.” ஒன்பது. பதினாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி நகர்ந்தது, ஒரு கிழக்குரல் வந்தது. பத்தொன்பதுக்குப் பின்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து சொன்னாள். முன் வரிசையில் இருந்த கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டுக்குச் சொல்லும்போது ஒருவருக்குப் பல்செட் நழுவியது. யாரும் சிரிக்கவில்லை.

“இருபத்தேழு” என்றான் பதினொன்று.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. இரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. நானும் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அவள் எழுந்து நின்று, போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பேர் யாரைப் பார்த்தார்கள் என்று கவனித்தாளா என்பது தெரியாது.

“இருபத்தேழு” என்றான் மறுபடியும். பேராசிரியர் இரண்டு முறைதான் கூப்பிடுவார்.

நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று பதிவேட்டில் பேனாவை வைத்தான். பேராசிரியர் மூக்கால் இழுத்துச் சொல்வாரே, அதே குரலில், “வரவில்லை” என்றான். நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிப் பயனில்லை; நாற்பது வருடத்துக்கு முன்னும் அந்த இடத்தில் சிரிப்பார்கள். “முப்பத்திரண்டு” என்று அடுத்ததற்குப் போனான்.

அவள் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. வாசலில் பதினொன்றே அவளை மறித்து, சாப்பிட்டுவிட்டுப் போ அம்மா, உங்கப்பா எனக்கு ரொம்ப வேண்டியவர் என்று சொன்னான். வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அவள் கும்பிட்டாள். நான் பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன்.

நிறுத்தத்தில் நிழல் பார்த்து நின்றோம். பிறகு, “அவரு வரலீங்களா?” என்றாள்.

“இல்லம்மா.”

“உசுரோட இருக்காருங்களா?”

“இருக்கார்.”

அவள் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டாள். ‘இருபத்தேழு’ என்ற குரல் வந்தது. மின்விசிறிச் சத்தம் வந்தது. மறுபடி ‘இருபத்தேழு.’ ‘வரவில்லை’ வருவதற்கு முன் நிறுத்திவிட்டாள். அழிக்க எங்கே அழுத்துவது என்று கொஞ்சம் தேடினாள். தானே கண்டுபிடித்து அழித்தாள்.

“அம்மாகிட்ட என்ன சொல்லுவ?” என்று கேட்டேன்.

“செல்லுல சார்ஜ் போயிடுச்சின்னு சொல்லிடுவேங்க.” முந்தானையால் போனைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். “அப்பாகிட்ட நான் எத்தினியோ வாட்டி கேட்டிருக்கேங்க, அவரு யாருப்பான்னு. ‘அவன வுடு, அவன் நல்லாருக்கான்’ம்பாரு. அதுக்கு மேல பேச மாட்டாரு.”

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பேருந்து வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. பேருந்து வந்தது. உட்கார இடம் இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வணக்கம் என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். இரண்டாம் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றுக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.